ஆன்ஷேப்பில் டிரில் ஜிக்: மேட் சிவப்பாவது, வெர்ஷன், லிங்க், நெட் போனால் என்ன?

#1 சாணைக்கல்

வணக்கம். டிசைனில் நாலு பேர் இருக்கும் சின்ன டூல்ரூம். சாலிட்வொர்க்ஸ் ஃபைல்கள், ஒரு ஷேர்டு ஃபோல்டர். பிரவுசரிலேயே ஓடும் 3டி டிசைன் சாஃப்ட்வேரான ஆன்ஷேப்புக்கு மாறலாமா என்று பார்க்க ஒரு டிரில் ஜிக்கை (டிரில்லைச் சரியான இடத்துக்கு வழிநடத்தும் சாதனம்) எடுத்துச் செய்கிறேன்.

ஜாப்: ஃபிளேஞ்ச், வெளிவிட்டம் 160, தடிமன் 16, நடுத்துளை 70 எச்7 (டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசத்தின் குறி), பிசிடி (துளை மையங்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 120-ல் 11 மிமீ துளை 6. ஜிக்: 20 மிமீ பிளேட், நடுவில் ஸ்பிகாட் (ஃபிளேஞ்சின் நடுத்துளையில் நுழையும் உருளை), வெளிவிட்டம் 18 உள்ள 6 டிரில் புஷ் (டிரில் நுழையும் குழாய்), எம்8 ஸ்குரூ.

கேள்விகள்:
எல்லாவற்றையும் ஒரே பார்ட் ஸ்டுடியோவில் (பார்ட் வரையும் டேப்) வரையலாமா, ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி டேப் வேண்டுமா?
துளை எண்ணிக்கையை 6-லிருந்து 8 ஆக்கினால் அசெம்பிளியில் சில மேட் (பார்ட்களைச் சேர்க்கும் பிணைப்பு) சிவப்பாகிறது, அதாவது பிழை காட்டுகிறது. எதனால்?
வேலை நடுவே நெட் போனால் எது மிஞ்சும்?
கஸ்டமர் டிராயிங்கை ஃப்ரீ அக்கவுண்டில் ஏற்றி முயற்சி செய்யலாமா?

#2 மைக்ரான்

கடைசிக் கேள்விதான் முதலில். ஏற்றாதீர்கள். ஃப்ரீ பிளானில் போடும் ஒவ்வொரு டாக்குமென்ட்டும் பப்ளிக். யாரும் தேடி எடுக்கலாம், காப்பி போட்டுக்கொள்ளலாம். லைசென்ஸும் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். பிறகு பணம் கட்டி பிரைவேட் ஆக்கினாலும் அதற்குள் வேறொருவர் எடுத்த காப்பி அவருடையதாகவே இருக்கும், திரும்ப வாங்க முடியாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய டிராயிங் என்றால் சொல்லவே வேண்டாம். பழகிப் பார்க்க அளவுகளை மாற்றிய ஒரு டம்மி ஃபிளேஞ்ச் போதும்.

அடுத்து பார்ட் ஸ்டுடியோ. சாலிட்வொர்க்ஸில் ஒரு பார்ட், ஒரு ஃபைல் என்று கை பழகியிருக்கும். இங்கே ஒரு ஸ்டுடியோவுக்குள் எத்தனை பார்ட்டும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே ஃபீச்சர் லிஸ்ட். எந்தப் பார்ட்டின் அளவு இன்னொன்றிலிருந்து பிறக்கிறதோ அவற்றை ஒன்றாக வையுங்கள். உங்கள் ஜிக்கில் பிளேட்டும் ஸ்பிகாட்டும் அப்படி: இரண்டுமே ஃபிளேஞ்சின் 70-ஐயும் 120-ஐயும் பார்த்துத்தான் நிற்கின்றன. ஆகவே ஒரே ஸ்டுடியோ, மேலே ஒரு ஸ்கெலிட்டன் ஸ்கெட்ச் (எல்லாவற்றுக்கும் அடிப்படையான கோட்டுப்படம்): மூன்று வட்டம், ஒரு நேர்கோடு. அதிலிருந்து இரண்டு பார்ட்டும் வளரட்டும்.

புஷ், ஸ்குரூ, கிளாம்ப் போன்றவை கடையில் வாங்குபவை. அவற்றின் அளவு உங்கள் ஜிக்கைக் கேட்டு மாறாது. அவை தனி டாக்குமென்ட். ஒரு முறை வரைந்து வெர்ஷன் போட்டால் எல்லா ஜிக்கிலும் செருகலாம். எம்8 ஸ்குரூவை வரையவே வேண்டாம், ஸ்டாண்டர்டு கன்டென்ட்டில் ஐஎஸ்ஓ 4762 இருக்கிறது.

ஒரே ஸ்டுடியோவில் ஆறு புஷ்ஷையும் பேட்டர்ன் போட்டு வைப்பதைப் பலர் செய்கிறார்கள். செய்யக் கூடாது. பிஓஎம்மில் (பார்ட் பட்டியலில்) ஒரே புஷ் ஆறு தனிப் பார்ட்டாக ஆறு வரியில் நிற்கும்.

#3 நாணல்

மேட் சிவப்பாவதற்கு ஒரு கேள்வி: ஆறு துளையையும் ஸ்கெட்சில் ஆறு வட்டமாகப் போட்டீர்களா, ஒரு துளை போட்டு சர்க்குலர் பேட்டர்ன் கொடுத்தீர்களா?

#4 சாணைக்கல்

ஸ்கெட்சில் ஆறு வட்டம். 8 ஆக்கும்போது பழசை அழித்துவிட்டு எட்டு புதிதாக வரைந்தேன்.

#5 நாணல்

அப்படியானால் காரணம் அதுதான். மேட் பிடித்திருப்பது "மேலே இருக்கும் துளை" என்ற இடத்தை அல்ல. ஒரு குறிப்பிட்ட ஸ்கெட்ச் வட்டத்திலிருந்து பிறந்த ஒரு குறிப்பிட்ட விளிம்பை. அந்த வட்டத்தை அழித்தால் விளிம்பின் அடையாளமும் போகிறது. அதே இடத்தில் அதே அளவில் புதிதாக வரைந்தாலும் சாஃப்ட்வேருக்கு அது வேறு வட்டம். கண்ணுக்கு எதுவும் மாறவில்லை, மேட் மட்டும் அநாதையாகிவிடும்.

செய்ய வேண்டியது:

ஸ்கெட்சில் செங்குத்து அச்சின் மேல் ஒரே ஒரு துளை. அது விதைத் துளை. அதன் மேல் சர்க்குலர் பேட்டர்ன், எண்ணிக்கைக்கு ஒரு வேரியபிள் (பெயர் வைத்த மதிப்பு). பிசிடிக்கு லெங்த் வகை வேரியபிள், துளை எண்ணிக்கைக்கு நம்பர் வகை. 6-ஐ 8 ஆக்கினால் விதைத் துளை அப்படியே இருக்கும், அதில் மாட்டிய மேட் அசையாது. 8-லிருந்து 6-க்குக் குறைத்தால் மட்டும் ஏழாவது, எட்டாவது நகலில் மேட் மாட்டியிருந்தால் அவை சிவப்பாகும். அது நியாயம், துளையே இல்லையே.

எனவே மேட்டை எப்போதும் விதையில் மட்டும் போடுங்கள். ஒரு புஷ்ஷை ஃபாஸன்டு மேட்டால் விதைத் துளையில் உட்கார வைத்து, மற்றவற்றுக்கு அசெம்பிளியில் ரெப்ளிகேட். அது அந்த முகத்தில் அதே மாதிரியான விளிம்புகளைத் தேடி நகல் வைக்கும். அதே முகத்தில் 18 மிமீ டவல் (இடம் பொருத்தும் பின்) துளை ஏதாவது இருந்தால் அங்கேயும் ஒரு புஷ் போய் உட்காரலாம், எண்ணிப் பாருங்கள்.

சாலிட்வொர்க்ஸ் பழக்கத்தில் ஒரு புஷ்ஷுக்கு கான்சென்ட்ரிக், கோயின்சிடென்ட், சுழலாமல் இருக்க பேரலல் என்று மூன்று மேட் தேடாதீர்கள். இங்கே இரண்டு மேட் கனெக்டர், ஒரு ஃபாஸன்டு, முடிந்தது. ஒவ்வொரு கனெக்டருக்கும் மூலப்புள்ளியும் மூன்று அச்சும் சேர்ந்தே வருவதால் ஆறு சுதந்திரமும் ஒரே அடியில் பூட்டப்படுகின்றன.

#6 மைக்ரான்

நாணல் சொன்னதோடு ஒன்று. மவுஸ் வைத்ததும் தானாகத் தோன்றும் கனெக்டரை விட, பார்ட் ஸ்டுடியோவிலேயே மேட் கனெக்டரை ஒரு ஃபீச்சராகப் போட்டு அதைப் பார்ட்டுக்குச் சொந்தமாக்குவது மேல். ஸ்கெலிட்டன் ஸ்கெட்சின் புள்ளியில் ஊன்றினால், பிறகு துளை விளிம்பில் சேம்ஃபர் போட்டு விளிம்பே காணாமல் போனாலும் கனெக்டர் நிற்கும். தானாக வரும் கனெக்டர் சேம்ஃபர் போட்ட அன்றைக்கே தடுமாறக்கூடும்.

#7 வார்ப்புமணல்

புஷ் 18 என்6, துளை 18 எச்7. பிரஸ் ஃபிட், அடித்து இறக்கினால் அசையாது. மாடலில் இரண்டுக்கும் 18.000 போட்டு டிராயிங்கில் டாலரன்ஸ் எழுதினால் போதும்.

#8 மைக்ரான்

மாடல் பற்றிச் சொன்னது சரி, நாமினல் அளவில்தான் வரைய வேண்டும். "அசையாது" என்பதில் திருத்தம் உண்டு. 18 எச்7 என்றால் 0 முதல் +18 மைக்ரான். என்6 என்றால் +12 முதல் +23. துளை மேல் எல்லையிலும் புஷ் கீழ் எல்லையிலும் வந்தால் 6 மைக்ரான் லூஸ். எதிர்ப்பக்கம் 23 மைக்ரான் இறுக்கம். இது டிரான்சிஷன் ஃபிட். பெரும்பாலும் இறுக்கமாகவே வரும், ஆனால் துளையை மேல் எல்லைக்குத் தள்ளிப் போர் செய்யும் ஆளிடம் கொடுத்தால் புஷ் சுற்றும்.

ஸ்பிகாட் 70 ஜி6: −10 முதல் −29 மைக்ரான். ஃபிளேஞ்ச் துளை 0 முதல் +30. இடைவெளி குறைந்தது 10, அதிகபட்சம் 59 மைக்ரான். ஆக ஜாப் மையத்திலிருந்து 30 மைக்ரான் வரை நகரலாம். பிசிடி துளையின் பொசிஷன் டாலரன்ஸ் கணக்கில் இதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

புஷ்ஷின் உள்துளை 11 எஃப்7, அதாவது +16 முதல் +34. அதை 11.000 என்று டிராயிங்கில் விட்டால் டிரில் பிடிக்கும். புஷ் அடிப்பகுதிக்கும் ஜாபுக்கும் நடுவே சீவல் வெளியேற டிரில் விட்டத்தில் பாதியிலிருந்து ஒரு மடங்கு வரை, உங்களுக்கு 5.5 முதல் 11 மிமீ, விட்டிருக்கிறீர்களா பாருங்கள். இதற்கும் கிளவுடுக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் முப்பரிமாணத்தில் அழகாகத் தெரியும் ஜிக்குகளில் இந்த இடம்தான் விடுபடும்.

#9 பாதரசம்

எல்லாரும் ஆன்ஷேப்பே கதி என்று பேசுவதால் எதிர்க்கட்சி நான். நெட் இல்லை என்றால் ஆன்ஷேப் இல்லை. ஆஃப்லைன் மோடு என்று ஒன்றே கிடையாது. ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவப்பட்ட புரோகிராம், டேட்டாதான் கிளவுடில். நெட் போனாலும் கொஞ்ச நாள் ஓட்டலாம், கேம் (சிஏஎம், மெஷினுக்குப் புரோகிராம் போடும் வசதி) உள்ளேயே இருக்கிறது. ஆன்ஷேப்பில் ஜிக் வரைபவர்களில் பலர் ஸ்டெப் ஃபைல் எடுத்துத் தனி கேம் சாஃப்ட்வேருக்குத்தான் போகிறார்கள். டூல்ரூமுக்கு எது வசதி?

#10 நாணல்

மில்லிங் புரோகிராமும் அதே ஆள் போடுகிறார் என்றால் ஃபியூஷன் வசதிதான், மறுக்கவில்லை. அங்கேயும் பர்சனல் லைசென்ஸில் ஒரே நேரத்தில் எடிட் செய்யக்கூடியது 10 டாக்குமென்ட் மட்டும், வணிக வேலைக்கு அதுவும் கூடாது.

நான்கு பேர் ஒரே ஜிக்கைத் தொடும் இடத்தில் கதை மாறுகிறது. ஃபோல்டர் முறையில் ஒருவர் ஃபைலைத் திறந்தால் மற்றவருக்கு ரீட் ஒன்லி. அவர் "சேவ் ஆஸ்" போட்டு பெயருக்குப் பின்னால் "புதுசு", "புதுசு2", "கடைசி" என்று வால் கட்டுவார். ஆன்ஷேப்பில் ஃபைலே கிடையாது. சர்வரில் ஒரு டேட்டாபேஸ், எல்லாரும் அதையே தொடுகிறார்கள். ஒருவர் பிளேட்டில் பாக்கெட் வெட்டும்போதே இன்னொருவர் அதே டாக்குமென்ட்டில் டிராயிங் போடலாம்.

#11 சாணைக்கல்

நெட் போன நிமிஷத்தில் என்ன ஆகும் என்பதை யாராவது சொல்லுங்கள். கரன்ட் கட்டும் சேர்த்து.

#12 அச்சாணி

பச்சை டிக் அடித்து முடித்த ஃபீச்சர் ஒவ்வொன்றும் அந்த நொடியே சர்வரில் பதிந்திருக்கும். திறந்து கிடந்த டயலாக் போகலாம், அவ்வளவே. சேவ் பட்டனே இல்லாததற்குக் காரணமும் இதுதான். திரும்ப லாகின் செய்தால் விட்ட இடம். இதில் ஃபைல் முறையை விட நட்டம் குறைவு, அங்கே கடைசியாக சேவ் செய்த பிறகு போட்டதெல்லாம் போகும்.

காத்திருப்பு நேரம்தான் நிஜ நட்டம். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ், மாற்றாக போன் ஹாட்ஸ்பாட். ஹாட்ஸ்பாட்டில் வேலை நடக்குமா என்றால் நடக்கும், ஏனென்றால் கணக்குப் போடுவது சர்வர், உங்கள் பக்கம் வருவது முக்கோண வலையாக மாறிய உருவம். எத்தனை எம்பிபிஎஸ் என்பதை விட லேட்டன்சி (பதில் வரும் தாமதம்) முக்கியம். ஸ்பீடு டெஸ்டில் 100 காட்டினாலும் பிங் எகிறிக்கொண்டிருந்தால் கிளிக் ஒவ்வொன்றும் இழுக்கும்.

மெதுவாக இருக்கிறது என்ற புகாரில் பாதி நெட் விஷயமே இல்லை. குரோமில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கும். அல்லது லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்து, பிரவுசர் சின்னதில் ஓடும். விண்டோஸில் செட்டிங்ஸ், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் போய் பிரவுசரைச் சேர்த்து ஹை பர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். பிறகு ஆன்ஷேப்பின் சொந்த கம்பாட்டிபிலிட்டி செக் பக்கத்தைத் திறந்து வெப்ஜிஎல் (பிரவுசர் 3டி காட்டும் வசதி) எந்தக் கார்டில் ஓடுகிறது என்று பாருங்கள். கம்பெனி ஃபயர்வால் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வகை என்றால் சர்வரோடு இருக்கும் வெப்சாக்கெட் தொடர்பு அறுந்து அறுந்து வரும். ஐடி ஆளிடம் அந்த டொமைனுக்கு மட்டும் விலக்குக் கேட்க வேண்டும்.

மாடலே கனமாக இருந்தால் ஃபீச்சர் லிஸ்ட்டில் ஒவ்வொன்றும் எடுக்கும் ரீஜெனரேஷன் (மறுகணக்கு) நேரத்தைக் காட்டும் வசதி உண்டு. அதில் மேலே வருபவை வழக்கமாக மூன்று: நிஜ ஹெலிக்ஸ் வைத்து வெட்டிய மரை, ஒவ்வொரு நகலுக்கும் ஃபீச்சரை மறுபடி கணக்கிடச் சொல்லும் டிக் போட்ட பேட்டர்ன், ஆரம்பத்திலேயே போட்ட ஃபில்லட்கள். எம்8 மரைக்கு ஹோல் ஃபீச்சர் போதும். ஃபில்லட் கடைசியில்.

#13 பாதரசம்

சரி, சேவ் பட்டன் இல்லை. வெர்ஷன் போடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார்களே?

#14 மைக்ரான்

போகாது. ஒவ்வொரு மாற்றமும் ஹிஸ்டரியில் தனித்தனியாக இருக்கிறது, நேற்று மதியம் 3 மணி நிலைக்குக்கூட ரெஸ்டோர் செய்யலாம். வெர்ஷன் என்பது அந்த ஹிஸ்டரியில் அடிக்கும் ஆணி. பிறகு யாராலும் மாற்ற முடியாத, பெயர் வைத்த ஒரு நிலை.

அது எங்கே கட்டாயமாகிறது என்றால் லிங்க்கில். புஷ் வேறு டாக்குமென்ட்டில் இருக்கிறது என்றால் அசெம்பிளியில் செருகுவது அதன் ஒரு வெர்ஷனைத்தான். புஷ்ஷின் நீளத்தை 20-லிருந்து 25 ஆக்கினால் உங்கள் ஜிக்கில் எதுவும் நடக்காது. அங்கே புது வெர்ஷன் போட வேண்டும், இங்கே அசெம்பிளியில் அப்டேட் குறி தெரியும், அதைச் சொடுக்கி ஏற்க வேண்டும். "மாற்றினேன், வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் பதில். ஒரே டாக்குமென்ட்டுக்குள் இருக்கும் டேப்களுக்கு இந்தச் சடங்கு இல்லை, உடனே மாறும்.

இதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். பத்து ஜிக்கில் இருக்கும் புஷ்ஷை யாரோ ஒருவர் மாற்றி, பத்தும் சொல்லாமல் கொள்ளாமல் மாறினால் ஷாப்பில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#15 வார்ப்புமணல்

அசெம்பிளிக்குள் இருந்தபடி இன்-கான்டெக்ஸ்டில் ஸ்பிகாட்டை எடிட் செய்து, ஃபிளேஞ்சின் துளை விளிம்பை யூஸ் கட்டளையால் ஸ்கெட்சில் எடுத்தால் தானாக ஒட்டிக்கொள்ளுமே, ஸ்கெலிட்டன் எதற்கு?

#16 நாணல்

தானாக ஒட்டாது, அங்கேதான் ஆபத்து. கான்டெக்ஸ்ட் என்பது அந்த நேரத்து அசெம்பிளியின் புகைப்படம் மாதிரி. கஸ்டமர் ரிவிஷனில் துளை 70-லிருந்து 72 ஆனால் ஃபிளேஞ்ச் மாறும், ஸ்பிகாட் 70-லேயே நிற்கும், நீங்கள் அப்டேட் கான்டெக்ஸ்ட் கொடுக்கும் வரை. எதுவும் சிவப்பாகாது, 2 மிமீ லூஸோடு டிராயிங் போய்விடும். முகம், விளிம்பு பார்த்து வரையும் கவர், பிராக்கெட் வகைகளுக்கு இன்-கான்டெக்ஸ்ட் நல்லது. இரண்டு எண்ணில் முடியும் உங்கள் ஜிக்குக்கு வேரியபிள் போதும்.

#17 சாணைக்கல்

புரிந்தது. ஸ்கெலிட்டனோடு மறுபடி வரைந்துவிட்டேன். விதைத் துளையில் மேட், ரெப்ளிகேட். 6, 8, 4 மூன்றும் சிவப்பில்லாமல் வருகின்றன. இதையே கான்ஃபிகரேஷன் (ஒரே மாடலின் பல அளவு வடிவங்கள்) ஆக்கி பிசிடி 90, 120, 140, துளை 4, 6, 8, 16 என்று குடும்பமாக வைத்துக்கொள்ள நினைக்கிறேன்.

#18 மைக்ரான்

3 × 4 = 12 சேர்க்கை. பன்னிரண்டையும் ஒரு முறையாவது திறந்து பாருங்கள், ஏனென்றால் தப்பு எப்போதும் சிவப்பாக வருவதில்லை. பிசிடி 90-ல் 16 துளை: பக்கத்துத் துளைகளின் மைய தூரம் 90 × சைன் 11.25° = 17.56 மிமீ. புஷ் துளை 18. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு பிளேட்டில் ஒரு பூ வடிவம் வரும். சாலிட் மாடலுக்கு அது முழுக்கச் செல்லுபடியாகும் உருவம், அது ஏன் புகார் சொல்லப்போகிறது? 120-ல் அதே 16-க்கு 23.41, சுவர் 5.4 மிமீ மிஞ்சுகிறது. 90-ல் 8-க்கு 34.44, தாராளம். ஆனால் பிசிடி 90 என்றாலே புஷ் துளையின் உள்விளிம்பு ஆரம் 45 − 9 = 36, ஸ்பிகாட் ஆரம் 35. நடுவில் 1 மிமீ. ஸ்பிகாட்டுக்குத் தோள் வைத்திருந்தால் அங்கேயும் மோதும்.

மைய தூரத்தை ஒரு வேரியபிளாகவே வையுங்கள்: பிசிடி பெருக்கல் சைன், உள்ளே 180 டிகிரி வகுத்தல் துளை எண்ணிக்கை. டிகிரி என்ற அலகை எழுத மறக்காதீர்கள். அதில் 18 கழித்தால் சுவர். ஃபீச்சர்ஸ்கிரிப்ட் என்ற ஆன்ஷேப் நிரல் மொழி தெரிந்தவர் யாராவது இருந்தால், சுவர் 4 மிமீக்குக் கீழே போனால் பிழை காட்டி நிற்கும் ஒரு கஸ்டம் ஃபீச்சரை ஐந்தாறு வரியில் எழுதிவிடலாம். எக்ஸ்ட்ரூட், ஃபில்லட் உட்பட ஆன்ஷேப்பின் சொந்த ஃபீச்சர்களே அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, அந்த லைப்ரரியைத் திறந்து படிக்கலாம்.

#19 அச்சாணி

டிராயிங் போடும்போது டெம்ப்ளேட்டில் கவனம். ஆன்சி (அமெரிக்கத் தர) டெம்ப்ளேட் எடுத்தால் வியூக்களை அடுக்கும் முறை தேர்டு ஆங்கிள். நம் ஷாப்களில் ஃபர்ஸ்ட் ஆங்கிள். 6 துளை ஜிக் சமச்சீர் என்பதால் தப்பித்துவிடும், கிளாம்ப் பக்கத்துக்கு ஒரு பாக்கெட் ஒதுக்கினால் இடம் வலமாகிவிடும். ஐஎஸ்ஓ டெம்ப்ளேட், முதல் கோணக் குறி, தொடங்கும்போதே.

#20 பாதரசம்

ஒரு நாள் சந்தா கட்டவில்லை, அல்லது கம்பெனியே விற்கப்படுகிறது. அப்போது ஐந்து வருட டேட்டா?

#21 நாணல்

விற்கப்பட்டுவிட்டது. சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக் குழுவே 2012-ல் இதையும் தொடங்கியது, 2019-ல் பிடிசி வாங்கியது. டேட்டா இருப்பது அமேசான் வெப் சர்வீசஸ் சர்வரில். பாதுகாப்புத் துறை வேலைகளில் டிராயிங் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னால் அந்த ஜாபுக்குக் கிளவுடே வேண்டாம், விவாதம் தேவையில்லை.

மற்றவற்றுக்கு, ஒவ்வொரு ரிலீஸிலும் மூன்றை எக்ஸ்போர்ட் செய்து சொந்த டிஸ்கில் வையுங்கள்: பாராசாலிட், ஸ்டெப், டிராயிங் பிடிஎஃப். ஆன்ஷேப்பின் கெர்னல் (உருவத்தைக் கணக்கிடும் உள் எஞ்சின்) சீமென்ஸின் பாராசாலிட். சாலிட்வொர்க்ஸும் என்எக்ஸும் அதே கெர்னல், எனவே அவற்றுக்கு நடுவே பாராசாலிட்டின் எக்ஸ்-டி ஃபைல் போனால் மொழிபெயர்ப்பே இல்லை, முகங்கள் கிழிவதில்லை. கேம் சாஃப்ட்வேர் பழசு என்றால் எக்ஸ்போர்ட் டயலாக்கில் பாராசாலிட் பதிப்பைக் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் திறக்காது. ஆனால் எந்த ஃபார்மட்டிலும் ஃபீச்சர் ஹிஸ்டரி வராது. வெளியே போவது ஊமை உருவம். வேரியபிள், கான்ஃபிகரேஷன், மேட் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். இதில் பாதரசம் சொல்வது நியாயம், இதற்கு மாற்று கிடையாது.

#22 பாதரசம்

அந்த ஒரு வரியைத்தான் விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை.

#23 சாணைக்கல்

கடைசியாக ஒன்று. வெளியே போர் செய்யும் ஜாப் ஒர்க்காரருக்கு மாடலைக் காட்ட வேண்டும். லிங்க் அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடுமா?

#24 அச்சாணி

ஷேர் செய்வது டாக்குமென்ட் முழுவதையும், ஒரு டேபை மட்டும் அல்ல. ஆகவே கஸ்டமர் ஃபிளேஞ்ச் அதே டாக்குமென்ட்டில் இருந்தால் அதுவும் தெரியும். வெளியாளுக்குக் காட்ட வேண்டிய பிளேட்டை டிரைவ்டு (Derived) ஃபீச்சரால் தனி டாக்குமென்ட்டில் கொண்டுவந்து வைத்து, வியூ மட்டும் கொடுத்து, காப்பி, எக்ஸ்போர்ட், லிங்க், ஷேர் நான்கு டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பெயரை நீக்கலாம்.

அவர் கையில் ஃபோன்தான் என்றால் பிடிஎஃப் போதும். டிராயிங்கில் பிசிடி 120 மட்டும் போடாமல், பக்கத்துத் துளைகளின் மைய தூரம் 60.00 என்பதையும் ரெஃபரன்ஸாகப் போட்டு வையுங்கள். ஆறு துளைக்கு அது ஆரத்துக்குச் சமம். இரண்டு துளையிலும் 18 மிமீ பின் இறக்கி வெளியே அளந்தால் 78 வர வேண்டும். மெஷினை விட்டு இறக்காமலே சரிபார்த்துவிடுவார்.